எந்தப் படம், எந்தக் கிழமை?

சினிமாவை ரசிக்கக் கற்றுக்கொடுக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் கேமரா கோணம், வெளிச்சம், படத்தொகுப்பு என்றுதான் ஆரம்பிக்கும். அவையெல்லாம் தேவைதான். ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை. படத்தை என்றைக்குப் பார்ப்பது? சென்னை மாதிரி ஊரில் ஒரே வெள்ளிக்கிழமையில் பல படங்கள் வந்து இறங்குகின்றன. நம்மில் பலர் பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாளே அடித்துப் பிடித்து ஓடுகிறோம். பெயர் தெரியாத இயக்குநரின் படத்தை “ஓடிடியில் வரட்டும், பார்த்துக்கலாம்” என்று தள்ளி வைக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினாலே ரசனையில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி. சின்னப் படத்தை முதலில் பார்க்க வேண்டும், பெரிய படத்தை ஆற அமரப் பார்க்க வேண்டும், நடுவில் ஊரைப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் ரசிகனுக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்தப் படத்தைப் பார்க்க நினைத்தவருக்கு அவசரமே இல்லை. அறுவடை முடிந்து வரலாம், கல்யாணச் செலவு முடிந்து வரலாம், பிடித்திருந்தால் மறு வருஷமும் வரலாம். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரைத் தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. நடிகரைப் பார்க்க வந்தவரும் வசனத்துக்காக வந்தவரும் மழைக்கு ஒதுங்கியவரும் அதில் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. அரங்குகள் சிறுத்துவிட்டன. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கே வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிடுகின்றன. அந்த நான்கு வாரத்திலும் தியேட்டரில் நல்ல காட்சி நேரம் கிடைப்பது முதல் பத்து நாளைக்குத்தான், அதுவும் ஓடும் படத்துக்கு. எனவே என்றைக்குப் போவது என்று தேர்ந்தெடுப்பதும் இப்போது ரசனையைச் சேர்ந்த விஷயமாகிவிட்டது.

நாளைப் பொறுத்துப் படம் மாறுமா என்று கேட்கலாம். மாறும், அதுவும் நிஜமாகவே மாறும். 2024-இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாளில் சுமார் பன்னிரண்டு நிமிடம் வெட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ முதல் வார இறுதி கழிந்ததும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் குறைக்கப்பட்டது. நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது சத்தம் காதைப் பிளக்கிறது என்ற புகார் எழ, தியேட்டர்களில் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவரும் ஒரு வாரம் கழித்துப் போனவரும் ஒரே தலைப்பில் இரண்டு படங்களைப் பார்த்தார்கள். இதில் ‘மெய்யழகன்’ விஷயத்தில் முந்திப் போனவருக்குத்தான் லாபம் என்பேன். பேச்சும் மௌனமும் இழுத்துக்கொண்டே போவதுதான் அந்தப் படத்தின் சுவை. அதைக் கத்தரித்தது யாருக்கும் உதவவில்லை. மற்ற இரண்டிலும் காத்திருந்தவருக்குத்தான் லாபம். பிரம்மாண்டமாக எடுத்த படம் ஒரு வாரத்தில் செப்பனிடப்படும், அமைதியாக எடுத்த படம் ஒரு வாரத்தில் சிதைக்கப்படும். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் டிக்கெட் எடுப்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று வரும். பெரிய நடிகரின் படத்தைக் கூட்டத்தோடு பார்க்காவிட்டால் அதில் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. வெகுஜனப் படம் என்பது கூட்டத்துக்கு இடம் விட்டே எழுதப்படுவது, வெட்டப்படுவது. ‘பாட்ஷா’வை (1995) நினைத்துப் பாருங்கள். தம்பிக்காகக் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்குகிறான் ஆட்டோக்கார மாணிக்கம். திருப்பி ஒரு கை ஓங்குவதில்லை. தங்கைக்கு ஆபத்து என்றதும், தம்பியை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் திரும்புகிறான். அந்த இடத்தில் ஒவ்வொரு ஷாட்டும் தேவைக்கு மேல் சில நொடி நீள்கிறது. தனியாக டிவியில் பார்த்தால் ஏன் இத்தனை ஸ்லோமோஷன் என்று தோன்றும். தியேட்டரில் அந்த நொடிகளை விசில் நிரப்பிவிடும். அடுத்த வசனம் காதில் விழ வேண்டுமே என்று எடிட்டர் காத்திருக்கிறார். இடைவேளையும் அப்படித்தான்: முதல் பாதிக் கதையே அந்த ஒரு முடிச்சை நோக்கி ஏறுகிறது, வெளியே போய் முறுக்கும் டீயும் வாங்கும்போது பேசிக்கொள்ள அங்கே ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. ஆகவே கூட்டம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கூட்டம் என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

முதல் நாள் கூட்டம் படத்தைப் பார்க்க வருவதில்லை, கொண்டாட வருகிறது. வசனம் கேட்காது, பாட்டு கேட்காது, திரையைவிடக் கையிலிருக்கும் செல்போன்கள் பிரகாசமாக இருக்கும். 2023 பொங்கலுக்கு வந்த ஒரு படத்தின் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன்பின் அதிகாலைக் காட்சிகள் நின்றன; முதல் காட்சி காலை 9 மணி என்றானது. நல்லதுதான். ஆனால் கொண்டாட்டத்தின் தன்மை மாறிவிடவில்லை. அதோடு ஒப்பிட, இரண்டாம் சனிக்கிழமை மாலைக் காட்சியைப் பாருங்கள். விசிலடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாம் முறை வந்திருப்பார்கள். எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே பாட்டியும் பேரப்பிள்ளையுமாகக் குடும்பங்கள் இருக்கும். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள், எங்கே குழந்தை அழ ஆரம்பிக்கிறது என்று கவனித்தால் திரைக்கதையின் பலமும் பலவீனமும் தாமாகவே புலப்படும். ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைப் பற்றி எழுதியபோது, தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்றார். அந்தக் கலவையை இன்று ஓரளவாவது பார்க்க முடிவது இரண்டாம் வாரத்தில்தான். படம் படுத்துவிட்டால் இரண்டாம் வாரம் கூட்டமே இருக்காதே என்றால், எட்டு நாள் தாக்குப்பிடிக்க முடியாத மாஸ் படத்தைத் தவறவிட்டதில் பெரிய நஷ்டமில்லை.

சின்னப் படத்துக்குக் கணக்கு நேர் எதிர். 2024 ஆகஸ்ட் 23 வெள்ளிக்கிழமை மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒன்றாக வந்தன. ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், காற்று, கால்கட்டிய சேவலின் படபடப்பு, வாய் திறக்காத ஒரு பெண்ணைச் சுற்றிலும் ஓயாமல் பேசும் ஆண்கள்: இவைதான் அதன் இசை. பக்கத்து இருக்கையில் ஒரு பாப்கார்ன் பொட்டலம் நொறுங்கினாலே ஒரு காட்சி போய்விடும். இப்படிப்பட்ட படத்துக்குக் கூட்டம் குறைந்த, ஆனால் ஆர்வத்தோடு வந்த அரங்கம் வேண்டும். அப்படியானால் வாரநாளில் போகலாமே என்றால், அங்கேதான் சிக்கல். தியேட்டர்காரர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலை வைத்துத்தான் திங்கட்கிழமைக் காட்சிகளை ஒதுக்குகிறார்கள். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று நீங்கள் நினைக்கும் படத்துக்கு அடுத்த வாரம் காலை 10 மணிக்கு ஒரே ஒரு காட்சி, அதுவும் ஊரின் மறுகோடியில் மிஞ்சியிருக்கும். சனிக்கிழமை காலைக் காட்சிதான் இதற்குச் சரியான இடம். கூட்டம் மாலையில்தான் வரும். காலையில் வருபவர் அந்தப் படத்தையே தேடி வந்தவர். நீங்கள் எடுக்கும் டிக்கெட்டும் திங்கட்கிழமைக் கணக்கில் ஏறும். பெரிய படத்துக்கு உங்கள் டிக்கெட் ஆயிரத்தில் ஒன்று. சின்னப் படத்துக்கு அது இன்னொரு காட்சிக்கான ஆதாரம்.

நல்ல படம் எங்கே பார்த்தாலும் நல்ல படம்தான், இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பாதி ஒப்புதல் தரலாம். அதே வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதை வென்றது. தமிழ்நாட்டு மக்களுக்கு அது பரவலாகக் கிடைத்தது 2023-இல், ஓடிடி வழியாக. வீட்டுத் திரை இல்லையென்றால் நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். ‘ஜெய் பீம்’ நேராக வீட்டுக்கே வந்த படம். அதனால் அதன் வீரியம் குறையவில்லை. கதையும் வசனமும் நடிப்பும் எந்தத் திரையிலும் தங்கும். தங்காதவை அளவும் இருட்டும். ‘கைதி’ (2019) முழுக்க ஓர் இரவில் நடக்கிறது. லாரியின் முகப்பு வெளிச்சத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் அதன் பயம். செல்போனில் அந்த இருட்டு வெறும் கறுப்பாகிவிடும், போதாததற்கு நம் முகமே அதில் தெரியும். எனவே எல்லாவற்றையும் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இருட்டையும் மௌனத்தையும் தூரத்தையும் நம்பி எடுத்த படத்துக்கு மட்டும் டிக்கெட் காசை ஒதுக்கினால் போதும்.

காசு என்றதும் பெருமூச்சு எழுவது புரிகிறது. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது, பாப்கார்னுக்கு வைக்கவில்லை. நான்கு பேர் குடும்பத்தின் செலவில் பாதி இடைவேளையில்தான் போகிறது. வாரத்துக்கு ஒரு தியேட்டர் படம், ஒரு வீட்டுப் படம் என்பதே தாராளமான கணக்கு. விருப்பம் அதற்கு மேலும் இருந்தால் நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன், ஆழ்வார்ப்பேட்டையில் ரஷ்யக் கலாச்சார மையம் இருக்கின்றன. இங்கெல்லாம் அவ்வப்போது நடக்கும் திரையிடல்களுக்குப் பெரும்பாலும் செலவே இல்லை. இடைவேளை என்ற வெட்டு இல்லாமல் ஒரு படத்தை முழு மூச்சில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். அதன்பின் நம் படங்களின் இடைவேளையை நீங்கள் வேறு மாதிரி கவனிப்பீர்கள். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா வரும்போது ஒரு நாளைக்கு நான்கைந்து படம் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் உற்சாகத்தை மெச்சலாம், வழக்கத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. கச்சேரி கேட்பவர் ஒரு ராகம் மனதில் அடங்குமுன் அடுத்த சபாவுக்கு ஓடினால் என்ன ஆகும்? இரண்டாவது படம் முதல் படத்தைத் தின்றுவிடும்.

ஊர் சுற்றுவது ரசனையின் பகுதியாவது இங்கேதான். படம் விட்டதும் உடனே ஆப்பைத் திறந்து விமர்சனம் படிப்பதைவிட ஓர் அரை மணி நேரம் நடப்பது மேல். தேவியிலோ கேசினோவிலோ படம் பார்த்தால் வெளியே அண்ணா சாலையே ஒரு பாடம். அங்கே தலைமை அஞ்சலக வளாகத்தில் இருக்கும் பழைய கட்டடம் 1913-இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர். ஊமைப்படம் ஓடிய இடத்தில் இப்போது தபால்தலை விற்கிறார்கள். சென்னையில் எந்தப் பகுதியிலும் ஒரு சுவரைப் பாருங்கள்: கட்சி விளம்பரம், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் சினிமா போஸ்டர். பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) ஒரு சுவருக்காக நடக்கும் சண்டையை வைத்தே அரசியல் பேசிய படம். அந்தச் சுவரை மிகை என்று நினைத்தவர், வடசென்னை ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்றின் வழியாக ஒரு மாலை நடந்தால் கருத்தை மாற்றிக்கொள்வார். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) குப்பத்துச் சிறுவர்கள் விளையாடிய இடம் பீட்சாக் கடையாவதிலிருந்து கிளம்புகிறது. அதைப் பார்த்தபின் எந்த ஷாப்பிங் மாலின் வாசலிலும் காவலாளியின் கண் யார்மேல் நிற்கிறது என்று கவனிக்காமல் இருக்க முடியாது. சினிமா ஊரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது என்பார்கள். அதைவிட முக்கியம், ஊரைத் தெரிந்தவன்தான் சினிமாவில் எது செட், எது நிஜம், எந்த நடிகரின் லுங்கிக் கட்டு கடன் வாங்கியது என்று கண்டுபிடிப்பான். பஸ்ஸில் ஏறாத ரசிகனை ஏமாற்றுவது இயக்குநர்களுக்கு மிகச் சுலபம்.

மிச்சம் இருப்பது பழைய படங்களின் மறுவெளியீடு. 2024 ஏப்ரலில் இருபது வருஷத்துப் பழைய ‘கில்லி’ திரும்ப வந்து புதுப் படங்களை ஓரங்கட்டியது. எல்லாருக்கும் கதை தெரியும், வசனம் மனப்பாடம். அப்படியிருந்தும் அரங்கு நிறைந்தது. அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லாதபோதுதான் எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கண் ஓய்வாக இருக்கும். ரசிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் முதலில் போக வேண்டியது இந்த மாதிரிக் காட்சிக்குத்தான்.

வியாழக்கிழமை மாலைக்குள் அந்த வாரப் படங்களின் காட்சி நேரம் வந்துவிடும். பட்டியலின் மேலே இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு அடியிலிருந்து படியுங்கள். ஒற்றைக் காலைக் காட்சியோடு ஒதுங்கிக் கிடக்கும் படத்துக்குச் சனிக்கிழமை டிக்கெட்டை முதலில் போட்டு வையுங்கள். பெரிய படம் அடுத்த சனிக்கிழமையும் ஓடும்.