கொக்கும் தகரும்

மன்னார்க் கரையிலே, திருக்கேதீச்சரத்துக்குத் தெற்கே, வங்காலை என்னும் ஊரையடுத்துப் பரந்து கிடக்கும் களப்பு நிலம் 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்நீர்ப்பரப்பின் ஓரத்தே அசைவற்று நிற்கும் கொக்கைக் கண்டோர், வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தை அப்பறவையோடு முடித்த காரணத்தை உரையின்றியே உணர்வர்.

அவ்வதிகாரத்தை, இக்கால இளைஞர் விரும்பியாடும் வீடியோச் சண்டை விளையாட்டுக்களோடு ஒருங்கு வைத்து நோக்குதல் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். பதற்றத்தையே அவை வளர்க்கின்றன என்பது மூத்தோர் கருத்து. ஆடித் தோற்கும் இளைஞரோ, தம் விரலின் வேகக்குறைவே தோல்விக்குக் காரணம் என்பர். இரண்டும் பொருந்தா எனக் காட்டுதலே ஈண்டு எம் நோக்கம்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற விளையாட்டுக்களில் ஒரு நொடி அறுபது கூறாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வோர் அடிக்கும் எழுங்காலம், படுங்காலம், மீளுங்காலம் என மூன்று நிலைகள் உள. குறி தவறிய அடியை வீசியவன், அது மீளுமளவும் காப்பற்று நிற்பான். ஆதலின், பொத்தான்களை ஓயாது அழுத்துவோன் தன் கேட்டுக்குத் தானே வாயில் திறந்து வைக்கின்றான்.

அங்ஙனமாயின் பொறுமையே வெற்றி தருமோ? இங்கேதான் பலர் இடறுகின்றனர். வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலிலும், காலமறிதலைப் பொருட்பாலிலும் வைத்தார். முன்னது பிறர் செய்த பிழையைத் தாங்கும் பண்பு. பின்னது வினைமுடிக்கும் அறிவு. அடிகளை வாளா ஏற்றுப் பின்வாங்கிச் சுவரோரம் ஒடுங்குபவனிடம் முன்னதன் சாயல் இருக்கலாம், பின்னது இல்லை.

கொக்கின் உவமையும் இவ்விளையாட்டுக்கு முற்றும் பொருந்துவதன்று. மீன் கொக்கை எதிர்த்துப் பொருவதில்லை. திரையிலோ எதிரியும் காத்திருக்கின்றான். ஆகவே, அதே அதிகாரத்தில் வரும் தகரின் உவமையே மேலும் நுட்பமுடையது என்பது எம் துணிபு. போர்க்கடா பின்வாங்குவது அஞ்சியன்று. தாக்குதற்கு வேண்டிய தூரத்தைப் பெறுதற்கே. எதிரியின் அடி எட்டாத, தன் அடி எட்டக்கூடிய இடைவெளியை நாடி முன்னும் பின்னும் அசையும் ஆட்டக்காரனின் செயலும் அதுவே.

2004 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த 'ஈவோ' போட்டியின் ஓர் ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்ட்ரைக்' விளையாட்டில் அமெரிக்கரான ஜஸ்டின் வோங், சப்பானியரான டைகோ உமெஹராவைப் பொறுமையால் நெருக்கி, அவருடைய உயிர்க்கோடு மயிரிழையளவே எஞ்சுமாறு செய்தார். காப்பு எடுத்துத் தடுப்பினும் சிறப்படியின் சிறுசேதமே டைகோவை வீழ்த்தப் போதும். ஆதலின் வோங், பதினைந்து உதைகள் கொண்ட அச்சிறப்படியை ஏவினார். டைகோ அதனை முன்னரே எதிர்பார்த்து நின்றார். உதை படும் கணத்தில் எதிரே சாய்ந்து சேதமின்றி விலக்கும் முறையால் பதினைந்தையும் விலக்கி, மறுதாக்குதலால் வென்றார்.

காண்போர் டைகோவின் விரல் விரைவையே வியந்தனர். எமக்கு வியப்பளிப்பது வேறு. அதுகாறும் பொறுமை காத்தவர் வோங். வெற்றி கைக்கு எட்டிய வேளையிலே, எதிரி எதிர்நோக்கியிருந்த ஒன்றையே அவர் செய்தார். தோற்பவனைவிட வெல்பவனுக்கே காத்திருத்தல் கடினம் என்பது இதனாற் புலப்படும். டைகோவும் அப்போட்டியின் இறுதியாட்டத்தில் மற்றொரு சப்பானியரிடம் தோற்றார் என்பதையும் மறத்தலாகாது. ஓர் அருஞ்செயல் முழுப்போரையும் வென்று தாராது.

ஆகவே, தேர்ச்சி விழைவோர் விரலைப் பழக்குவதோடு அமையாது, தோற்ற ஆட்டத்தின் பதிவை மீளப் பார்த்து, 'இவ்வடியை யான் ஏன் வீசினேன்?' என ஒவ்வோர் இடத்தும் தம்மை வினாவுதல் வேண்டும். விடை கிடையாத அடிகளே தோல்வியின் வித்துக்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் களைபவன், கொக்கைப் போல் நிற்கவும் தகரைப் போல் பெயரவும் ஒருங்கே கற்றவனாவான்.