பிரிவும் மீட்சியும்: பர்மாத் தமிழர் பற்றிய எழுத்துகள் – ஒரு திறனாய்வு

ஓதல், பகை, தூது, பொருள் முதலியன காரணமாகத் தலைவன் பிரிதலைத் தமிழ் அகப்பொருள் மரபு நுணுகி ஆராய்ந்துள்ளது. பிரிவு பாலைக்கு உரியது. பிரிந்தோன் வருமளவும் தலைவி ஆற்றியிருத்தல் முல்லைக்கு உரியது. அவன் தேர் ஊரெல்லையை அடைந்ததும் துயர் தீரும். ஆயின், மீண்டு வந்தவன் தன் ஊரைத் தன்னூராகக் காணாத நிலையை இம்மரபு பேசவில்லை. பர்மாவினின்றும் வந்த தமிழரைப் பற்றிய எழுத்துகளைப் பிரிவு என்னும் அளவுகோல் ஒன்றாலேயே அளந்து வந்தமையால் அவற்றின் உயிர்நிலையை நாம் தவறவிட்டோம் என்பதே ஈண்டு நாம் கூறக் கருதுவது.

முதற்கண் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். பர்மா 1937 ஏப்பிரல் வரை ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆகவே, அதற்குமுன் இரங்கூன் நெல்லாலைகளுக்கும் துறைமுகத்திற்கும் கழனிகளுக்கும் கூலிவேலைக்குச் சென்றோர் எந்த நாட்டெல்லையையும் கடந்தவர் அல்லர். எல்லை பின்னர்த் தோன்றியது. பட்டினப்பாலைத் தலைவன் புகார் நகரையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று மறுக்கின்றான். மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டு. மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறிய உழைப்பாளிக்கு அவ்வுரிமை இல்லை. இருவர் பிரிவையும் ஒரே பெயரால் வழங்கினும் இரண்டும் ஒன்றாகா.

1941 திசம்பரில் சப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் அந்நகர் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர் என மதிப்பிடுவர். அவருட் பெரும்பாலோர் மலையும் காடும் கடந்து கால்நடையாக வந்தனர். வழியில் மடிந்தோர் பலர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா அவர்களும் தம் மனைவியாருடன் அவ்வாறே வந்து, அந்நடையைப் பிற்காலத்தில் நூலாக எழுதினார். அந்நூலைப் பயண இலக்கியம் என்னும் வகையுள் அடக்கிவிடுகின்றோம். பயணி என்போன் திரும்புதற்கு ஒரு வீட்டை வைத்துவிட்டுப் புறப்படுபவன். தன் விருப்பத்தால் நடப்பவன். இங்கு நடந்தவர்களோ பல்லாண்டு வாழ்ந்த வீட்டைப் பின்னே விட்டுவிட்டு வந்தவர்கள். கடற்செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பார் தொல்காப்பியர். அந்நெறி குலைந்த காலத்துக் குடும்பமே வழியில் நின்றது. வகைப்பெயர் தவறாயின் வாசிப்பும் தவறாகும்.

இனி, 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யை நோக்குவோம். பாவலர் பாலசுந்தரம் அவர்களின் நாடகத்தைத் தழுவி, மு. கருணாநிதி அவர்கள் உரையாடல் எழுதிய திரைப்படம் இது. இதைப் பற்றிப் பேசுவோர் யாவரும் வழக்கு மன்றக் காட்சியையே எடுத்துக்கொள்வர். கோயிலையும் சமயத்தையும் பற்றிய வாதத்தோடு நின்றுவிடுவர். இக்கதையின் மாந்தர் யார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. குணசேகரன் இரங்கூனினின்று கப்பலில் வந்து, சென்னையில் பொருளைப் பறிகொடுத்தவன். சந்திரசேகரன் போருக்குத் தப்பி வந்து நீதிபதியானவன். ஞானசேகரன் குண்டுவீச்சிற் காலிழந்து, அகதிகளோடு வந்து, இரவலர் கூட்டத்திற் சேர்ந்தவன். மூவரும் உடன்பிறந்தார், மூவரும் ஒரே நகரினின்று மீண்டவர். ஒரே மீட்சி ஒருவனை நீதிபதியாகவும், ஒருவனைக் குற்றவாளியாகவும், ஒருவனை இரவலனாகவும் ஆக்கிவிட்டது. எந்த வசதியோடு மீண்டான் என்பதே மீண்டவனின் நிலையை வகுக்கிறது என்னும் உண்மையை இக்கதையமைப்பு புலப்படுத்துகிறது. உரையாடலின் ஓசையில் மயங்கி அமைப்பை மறந்தது திறனாய்வாளர் குறையே.

அடுத்து வந்த பெயர்ச்சி இதனினும் பெரிதும் கவனிக்கப்படாதது. 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். வங்கிகளும் வணிக நிலையங்களும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் தாள்கள் செல்லாவாயின. அதன்பின் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர், சேர்த்த பொருளுள் மிகச் சிறிதளவே கொண்டுவர இசைவு பெற்று வந்தனர். பொருள்வயிற் பிரிந்தோர் வழியில் வந்தோர் பொருளிழந்து மீண்டனர் என்க. காத்திருக்கும் தலைவி கரையில் இல்லை. அவளும் அக்கப்பலிலேயே இருந்தாள். ஆகவே முல்லையின் அமைதிக்கு இங்கு இடமே இல்லை.

1942இல் வந்தவரை அகதிகள் என்றோம். பின்னர் வந்தவரைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு வழக்கில் குறித்தோம். சென்னையின் மேற்குப் புறநகர்க் கல்லூரி ஒன்றில் பராசக்தியைப் பாடமாக நடத்துகையில், அம்பத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இச்சொல்லை மறுத்தாள். தன் பாட்டியார் இரங்கூனிற் பிறந்தவர் என்றும், அவர் திரும்பி வந்தவர் அல்லர், முதன்முதலாக வந்தவர் என்றும் கூறினாள். அவள் மறுப்பு நமக்குப் பெரிதும் பயன்பட்டது. ஒருவர் முன்பு கண்டிராத ஊருக்குத் ‘திரும்புதல்’ எங்ஙனம் கூடும்? சொல்லே அவர்தம் பிறந்த மண்ணை மறைத்துவிடுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியதும் 1964ஆம் ஆண்டிலேயே. ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலை வளர்ந்ததும் அப்பத்தாண்டிலேயே. கப்பலில் வந்தோர் வியாசர்பாடி முதலிய இடங்களிற் குடியேறினர். 1969இல் பாரிமுனையருகே பர்மா பஜார் எழுந்தது. தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு வங்கியும் அவ்வாண்டே தோன்றியது. இங்கு வாழ இயலாத சிலர் மீண்டும் பர்மாவுக்கே செல்ல முயன்று, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் தங்கிவிட்டனர். இன்றும் அவ்வூரில் தமிழ்ச் சங்கமும் கோயிலும் உள. இத்துணைச் செய்திக்கும் ஈடான புதின இலக்கியம் நம்மிடம் மிகுதியாக இல்லை. பர்மாவிற் பிறந்த ஹெப்சிபா ஜேசுதாசன் அவர்களின் ‘மா-னீ’ போன்ற ஒருசில நூல்களே கைக்குக் கிடைக்கின்றன.

அகத்திணை ஒருவர் இயற்பெயரைச் சுட்டாது. அது வரலாற்றுத் துயரை அளக்கும் கருவியன்று என்று சிலர் தடை கூறலாம். அத்தடை ஒருபுடை உண்மையே. திணையை இங்குப் பொருத்துக என்பது நம் கருத்தன்று. திணை நம் உள்ளத்திற் படிந்து கிடத்தலால், பெயர்ந்து சென்றவனுக்கு ஊரில் ஒரு வீடு காத்திருக்கும் என ஆராயாமலே கொண்டுவிடுகின்றோம். அக்கொள்கையை உணர்ந்து விலக்குதலே வேண்டுவது.

2021 பிப்ரவரிக்குப் பின் மியன்மாவினின்று மிசோரத்திற்கும் மணிப்பூருக்கும் மக்கள் எல்லை கடந்து வந்தனர். ஒடிசா, பீகார் மாநில உழைப்பாளர் அம்பத்தூர்ப் பட்டறைகளிற் பணிபுரிகின்றனர். அவர்தம் கதைகளை நாளை யார் எவ்வகையிற் சேர்ப்பர் என்பது நாம் இன்று கற்கும் முறையைப் பொறுத்தது. 1964இல் சிறாராய்க் கப்பலேறி வந்தோர் இன்று எழுபதை அணுகியும் கடந்தும் உள்ளனர். அவர் வாய்மொழியைத் தொகுத்தல் இப்பகுதித் தமிழ்த்துறைகள் தாமதமின்றி மேற்கொள்ளத்தக்க பணியாகும். அம்மாணவியின் பாட்டியாரிடமிருந்தே அதனைத் தொடங்கலாம்.