ஆடவர் பூண்ட அணி

அணி என்றதும் பெண்ணையே நினைப்பது நம் வழக்கம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பல்லவக் குடைவரைகள் அதற்கு உடன்படவில்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி ஆக்கியதாக 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்த மண்டகப்பட்டில், தூண்கள் சதுரமும் எண்பட்டையுமாய் ஒப்பனையின்றி நிற்கின்றன. வெளிமுகப்பில் காதணியும் ஆரமும் தோள்வளையும் பூண்டு தண்டூன்றி நிற்போர் வாயிற்காவலராகிய ஆடவரே! கட்டடத்தின் அழகு முழுவதையும் அவர்தம் மேனியே சுமக்கிறது. வலிமையை அறிவிக்க வந்த உருவத்திற்கு நகை இழுக்கெனச் சிற்பி கருதவில்லை.

அண்மையிலுள்ள தளவானூரிலோ, தூண்களுக்கிடையே மகர தோரணம் வளைகிறது. அணி, உடலை விட்டுக் கட்டடத்தின்மேல் ஏறிவிட்டது. காவலர் அங்கும் உளர்; எனினும் கண் முதலில் தோரணத்தையே நாடுகிறது. இதனை வளர்ச்சி என்று கொள்ளலாம். என் மனமோ மண்டகப்பட்டின் பக்கமே சாய்கிறது. தோரணமின்றியும் தளவானூர் நிற்கும். அக்காவலரை நீக்கிவிட்டால் மண்டகப்பட்டு முகமிழந்துவிடும்.