கொச்சிப் போதகர்களின் எழுத்துப்பணி: பயிற்சியும் பெயர்ப்பும்

கீழைநாடுகளில் பணியாற்றிய புரொட்டஸ்டண்ட் போதகர்கள் எழுதிய நூல்களைப் 'பாதிரிமார் எழுத்து' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடும் வழக்கம் மொழியாய்விலும் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் வேரூன்றியுள்ளது. போதகர் என்பது அவர்கள் ஏற்ற பதவியைச் சுட்டுமேயன்றி, அவர்கள் பெற்ற கல்வியையோ கடந்துவந்த தொழில்களையோ சுட்டாது. நூலின் தன்மையைத் தீர்மானித்தவை பின்னவையே என்பதனைக் கொச்சியோடு தொடர்புடைய சில சான்றுகள்வழி நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. களம்

1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின், கோட்டையிலிருந்த புனித பிரான்சிஸ் தேவாலயம் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடமாயிற்று. அதற்கு அணித்தே அமைந்தது மட்டாஞ்சேரி. அரசரின் அரண்மனை, கொங்கணியர் குடியிருப்பு, 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் ஆகியன அங்கு அருகருகே நின்றன. மலையாளம், கொங்கணி, எபிரேயம், போர்த்துக்கீசியம், டச்சு எனப் பல மொழிகள் புழங்கிய இவ்விடத்தில் எழுதப்புகுந்த போதகர் எவரும் பிறர் நாவின் துணையின்றி எழுதியிருத்தல் அரிது.

2. தத்துவம் பயின்றவர்

யொஹான்னஸ் காசேரியுஸ் 1660களின் தொடக்கத்தில் லெய்டனில் இறையியல் பயின்றவர். ரைன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் ஸ்பினோசாவுடன் ஒரே வீட்டில் தங்கி, தெக்கார்த்தின் தத்துவத்தைப் பாடங்கேட்டார். அப்பாடங்களிலிருந்து வளர்ந்ததே 1663இல் ஸ்பினோசா வெளியிட்ட தெக்கார்த் தத்துவ விளக்க நூல். இம்மாணவர் இன்னும் முதிர்ச்சியடையாதவர், உண்மையைவிடப் புதுமையை விரும்புபவர் என ஸ்பினோசா நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் குறைபட்டுள்ளார். இவரே பின்னர்க் கொச்சியின் போதகராகி, ஆளுநர் வான் ரேடே தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்னும் தாவர நூலின் முதலிரு தொகுதிகளுக்கு (1678, 1679) இலத்தீன் வடிவம் தந்தார். 1677இல் பத்தாவியாவில் இறந்தமையால் அச்சான நூலை அவர் கண்டிலர். காசேரியா என்னும் தாவரப் பேரினம் அவர் பெயரால் வழங்குகின்றது.

செடிகளின் உறுப்புகளை வரிசைப்பட விரித்துப் பின்னர்ப் பயன் கூறும் நூலமைப்பினைத் தெக்கார்த்தியப் பயிற்சியின் நேர்விளைவு எனக் கொள்வது மிகையாகும். அவரது கல்வி நூலுக்கு ஐயமின்றி அளித்தது, ஐரோப்பிய அறிஞருலகு ஏற்கத்தக்க இலத்தீன் நடையாகும். அவர் கையாண்ட செய்தியோ அவருடையதன்று. சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் மலையாளத்தில் உரைத்ததனை இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தார். அது டச்சுவழியாக இலத்தீனை அடைந்தது. ரங்கபட், விநாயக பண்டிட், அப்புபட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் துணைநின்றனர். இவர்தம் 1675ஆம் ஆண்டுச் சான்றுரைகள் முதல் தொகுதியில் இடம்பெற்றுள்ளன. எனினும் அதன் முகப்பில் வான் ரேடேயுடன் கொச்சிப் போதகர் என்னும் அடையோடு காசேரியுஸ் பெயர் நிற்க, இட்டி அச்சுதன் பெயர் நூலுள்ளேயே நிற்கின்றது.

இப்பெயர்ப்புச் சங்கிலியை அறிதல் மொழியியலார்க்கு இன்றியமையாதது. வாழை என்பதன் மலையாள வடிவமான 'வாழ' இந்நூலின் உரோமன் எழுத்தில் 'பால' என ஒலிக்குமாறு அமைந்துள்ளது. வகரம் ஒலிப்புடைப் பகரமானதும் ழகரம் லகரமானதும் கொச்சிப் பேச்சின் இயல்பா, இடைநின்ற மொழிபெயர்ப்பாளர் கேட்ட வகையா, எழுதியவர் கையா என்பதனை ஆராயாது இதனைப் பதினேழாம் நூற்றாண்டு மலையாள ஒலியியலுக்குச் சான்றாக்குதல் பொருந்தாது. படத்தகடுகளில் மலையாள எழுத்திலும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருத்தலின் ஒப்பீட்டுக்கு வழியுண்டு. இதற்கு மாறாக, 'கரிம்பன' போன்ற தொடர்களில் பொதுப்பெயரும் அடையும் இணைந்த நாட்டு வகைப்பாடு இலத்தீனிலும் சிதையாது நிற்கின்றது. பெயர்ப்பில் ஒலி திரிந்தும் சொல்லமைப்பு நிலைத்தமை கருதத்தக்கது.

3. மடல் எழுதியவரும் சுவடி தொகுத்தவரும்

1717 முதல் 1723 வரை கொச்சியில் போதகராயிருந்த யாக்கோபுஸ் கன்டர் விஸ்ஸர், நாட்டு நடப்பை மடல்களாக எழுதினார். அவை 1743இல் டச்சு மொழியிலும், ஹெபர் துரூரியின் பெயர்ப்பாக 1862இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. அவரிடம் காண்பது அறிவியல் இலத்தீனன்று. ஊரார்க்குச் செய்தி சொல்லும் உரைநடையாகும்.

கிளாடியஸ் புக்கானன் ஸ்காட்லாந்தில் பிறந்து, இலண்டனில் வழக்கறிஞர் அலுவலக எழுத்தராயிருந்து, பின் கேம்பிரிட்ஜில் பயின்று, வங்காளத்தில் ஆங்கிலிக்கப் போதகரானவர். வில்லியம் கோட்டைக் கல்லூரியின் துணைத்தலைவராகவும் இருந்தார். கொச்சி யூதரிடையே அவர் தேடியவை எபிரேயச் சுவடிகள். அவர் திரட்டியவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. மலையாள நற்செய்தி நூல்களின் பெயர்ப்பைத் தூண்டியவரும் அவரே. பெயர்த்தோர் காயங்குளம் பிலிப்போஸ் ரம்பான் உள்ளிட்ட உள்நாட்டுப் புலவர். 1811இல் பம்பாயில் அச்சான அந்நூலுக்கு ஃபப்ரிசியுஸின் தமிழ்ப்பெயர்ப்பும் துணையாயிற்று. சட்டம் பயின்றபின் ஹல்லேயில் இறையியல் கற்றுத் தமிழகம் வந்த லுத்தரன் போதகர் ஃபப்ரிசியுஸ். புதிய ஏற்பாட்டையும் (1772) அகராதியையும் (1779) தந்த அவரது உழைப்பு இவ்வாறு மலையாளத்திலும் கலந்தது.

4. தொகுத்தவர் யார்?

யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, மலபார்ப் படையெடுப்பிலும் உடன்சென்ற பிலிப்புஸ் பல்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூல் தமிழ் எழுத்தையும் இலக்கணக் குறிப்பையும் ஐரோப்பியர்க்கு அறிமுகம் செய்தது. ஆயினும் இந்து சமயம்பற்றிய அதன் பகுதி, மலபாரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஃபெனிச்சியோவின் கையெழுத்து நூலுக்குப் பெரிதும் கடன்பட்டது என்பதனை யார்ல் ஷார்பென்டியர் 1933இல் தெளிவுறுத்தினார். முகப்பில் நிற்கும் போதகர் பெயர் ஆசிரியனைக் குறிக்கும் என எப்போதும் கொள்ளவியலாது.

முடிவுரை

மேற்கூறியவருள் ஒருவர் மெருகேற்றுநர், ஒருவர் நேரிற் கண்டு எழுதியவர், ஒருவர் திரட்டுநர், ஒருவர் பெயர்ப்பாளர், ஒருவர் தொகுப்பாளர். சபைப்பணி பொதுவாயினும் எழுத்துப்பணி வேறு. ஆதலின் இத்தகைய நூலைச் சான்றாகக் கொள்வோர் ஆசிரியர் கற்றது யாது, கேட்டது யாரிடம், இடைநின்ற மொழிகள் எவை, அவர் சேர்த்தது எது என்னும் நான்கு வினாக்களை முன்வைத்தல் வேண்டும். அவ்வாறு வினவின் போதகரின் புகழ் குறையாது. இட்டி அச்சுதன், கார்னெய்ரோ, பிலிப்போஸ் ரம்பான் ஆகியோர்க்கு உரிய இடம் கிட்டும். மொழிபெயர்ப்பு வரலாறும் முகப்புப் பக்கங்களின் வரலாறாகச் சுருங்காது.