சிந்துவின் குழந்தை: ‘சிந்து பைரவி’யில் இசையும் தாய்மையும்

கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985) திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது தமிழாசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் ஒரு காட்சியிலேயே நின்றுவிடுகின்றோம். கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடும் ஜே.கே.பி.யிடம், தமிழில் பாடலாகாதா என்று சிந்து வினவும் காட்சி அது. தமிழிசை இயக்கத்தின் குரல் அதில் ஒலிப்பதால் அக்காட்சி நமக்கு உவப்பாக இருப்பது இயல்பே. எனினும், படத்தின் முடிவு எழுப்பும் வினா அதனினும் கடுமையானது. அதனை நாம் போதிய அளவு ஆராயவில்லை என்றே கருதுகின்றோம்.

சிந்து இசையாசிரியை; பாடத் தெரிந்தவள். ஜே.கே.பி.யின் மனைவியாகிய பைரவிக்கு இசையறிவு இல்லை, குழந்தையும் இல்லை. ஜே.கே.பி.யால் தாயாகும் சிந்து, தான் ஈன்ற குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் பிரிந்து செல்கிறாள். இதனைத் தியாகம் எனப் போற்றுவது எளிது. கதையின் கட்டமைப்பை நோக்கினால் வேறொன்று புலப்படும். பாடுபவள் பெறுகிறாள், ஆனால் வளர்ப்பதில்லை. வளர்க்கப் போகிறவளோ பாடத் தெரியாதவள். இசையும் தாய்மையும் ஒரே பெண்ணிடம் ஒரு நாள்கூடத் தங்கிவிடாதவாறு திரைக்கதை கவனமாகப் பார்த்துக்கொள்கிறது. திருமணத்திற்குப் புறம்பான உறவு என்பதால் வேறு முடிவு இயலாது என்று கூறுவோர் உளர். அது ஓரளவு உண்மையே. ஆயின், அத்தகைய உறவின்வழி அன்றிப் பாடகி ஒருத்தி தாயாவதைக் கதை ஏன் கற்பனை செய்யவில்லை என்ற வினா அப்போதும் எஞ்சி நிற்கும்.

கற்பனைக்கு வேண்டிய சான்றுகள் தொலைவில் இல்லை. இரு மைந்தரின் தாயாகிய டி.கே. பட்டம்மாள் 1970-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருடைய மருமகள் லலிதா சிவகுமார் அவருடன் மேடையில் அமர்ந்து பாடினார். பேர்த்தி நித்யஸ்ரீயும் பாடகியானார். எம்.எல். வசந்தகுமாரியின் தாய் லலிதாங்கியும் பாடகியே. வசந்தகுமாரி தம் மகள் ஸ்ரீவித்யா பிறந்த 1953-க்குப் பின்னும் கச்சேரி, திரையிசை ஆகிய இரண்டிலும் இடையறாது உழைத்தார்.

வீணை தனம்மாளின் மரபில் இது மேலும் தெளிவாகின்றது. அவருடைய மகள் ஜயம்மாள் பாட, ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி ஆடினார். ‘குடும்பமா, கலையா’ என்று இன்று நாம் கேட்கும் வினா அவ்வீட்டில் பொருளற்றது. தாயே ஆசான், வீடே பயிற்சிக்கூடம். இசை சபா மேடைக்கும், பெண் இல்லறத்திற்கும் உரியவர் என வகுக்கப்பட்ட பிறகே அவ்விரண்டையும் சமன்செய்தல் என்பது ஒரு சிக்கலாகத் தோன்றியது எனலாம். இதனைக் கூறுவதால் அக்குடும்பங்களின் வாழ்வு இனிதே நிகழ்ந்தது என்பது நம் கருத்தன்று. தேவதாசி மரபினர் மீது சமூகம் சுமத்திய இழிவை மறந்து அவ்வீட்டைப் புகழ்வது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இச்சான்றுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாடும் பெண்ணின் அருகே ஒரு தாயோ, மகளோ, மருமகளோ இருக்கின்றார். ஒரு பெண்ணின் கலைவாழ்வை வேறொரு பெண்ணும் சேர்ந்தே தாங்கியிருக்கின்றார். அவ்வாறு தாங்கியவருக்கு விருதுப் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை. வியப்பு என்னவெனில், ‘சிந்து பைரவி’யும் இவ்வுண்மையைத் தொட்டுவிடுகிறது. சிந்துவின் குழந்தையை ஏந்தப் பைரவியின் கைகள் தேவைப்படுகின்றன. ஆனால், பைரவி வளர்க்க, சிந்துவும் அருகிருந்து பாடலாம் என்ற எண்ணம் படத்திற்கு எழவில்லை. ஒருத்தி வந்தால் மற்றவள் விலகவேண்டும் என்பதே அதன் கணக்கு. அதன்படி விலகுபவள் பாடத் தெரிந்தவளே.

சிந்துவாக நடித்த சுகாசினிக்கும், அவளுக்காகப் பாடிய கே.எஸ். சித்ராவுக்கும், இசையமைத்த இளையராஜாவுக்கும் இப்படம் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது. அவற்றின் தகுதியில் நமக்கு ஐயமில்லை. நாம் கேட்பது ஜே.கே.பி.யைப் பற்றியே. குழந்தை வீட்டிற்கு வந்தபின் அவர் பாடுவாரா, மாட்டாரா என்ற ஐயம் படத்தில் எவருக்கும், பார்வையாளராகிய நமக்கும், எழுவதே இல்லை.