அலறலும் சாட்சியமும்

2019 மார்ச்சில் தமிழ்நாட்டு வீடுகளின் வரவேற்பறைகளில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் வெளியான காணொளியின் ஒலி அது. முகத்தை மங்கலாக்கிய செய்தித் தொலைக்காட்சிகள் குரலை அப்படியே விட்டன. திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அவள் கெஞ்சிய வார்த்தைகள் பலருக்கு இன்றும் மனப்பாடம். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது 1983 முதலே சட்டப்படி குற்றம். பெயர் மட்டுமல்ல, அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் வெளிவரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. மூன்றே மாதத்தில் காவல்துறை உயரதிகாரி ஒருவர் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசின் தவறை ஊடகங்கள் சரியாகவே கண்டித்தன. ஆனால் குரலும் அடையாளம்தானே? பெற்றவளுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் பெயர் சொல்லியா தெரிய வேண்டும்?

அந்தக் கும்பலின் முதலீடே அவமானம்தான். காணொளி வெளியே வந்தால் மானம் போகும் என்று மிரட்டித்தான் பெண்களை வாய்மூட வைத்தார்கள். எவன் கையிலோ இருந்த அந்த ஒலியை ஊரறிய ஒலிக்கச் செய்தபோது, மிரட்டியவனின் வாக்கை ஊடகம் நிறைவேற்றிக் கொடுத்தது. புகார் கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்கு இதிலிருந்து என்ன செய்தி போயிருக்கும்?

ஒளிபரப்பியிராவிட்டால் மக்கள் கொதித்திருப்பார்களா என்று கேட்பார்கள். தேர்தல் நேரத்தில் அரசுக்கு நெருக்கடி தந்ததில் ஊடகங்களுக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அலறல் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் இது எப்படி நடந்தது, புகார் கொடுத்தவரின் பெயர் ஏன் வெளியே வந்தது என்று விடாமல் கேட்டிருந்தால் போதும். ஜனநாயகத்தில் ஊடகத்தின் வேலை அதிகாரத்தைக் கேள்வி கேட்பது. இங்கோ விவாதங்கள் பெற்றோருக்கு அறிவுரை சொல்வதில் போய் முடிந்தன: மகளைக் கண்காணியுங்கள், அவள் செல்போனைப் பாருங்கள். மகனைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. மூடிய அறையில், கேமராக்கள் இல்லாத இடத்தில், அந்தப் பெண்கள் தெளிவாகச் சாட்சி சொன்னதால் வந்த தீர்ப்பு இது. தொலைக்காட்சி நமக்குக் கேட்கவைத்தது ஒரு பெண் கெஞ்சிய குரல். குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பிய குரல்களை நாம் கேட்டதில்லை; கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.