ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஒரு டிங்

அகால நேரத்தில் போன் சத்தம் போட்டால் கெட்ட செய்திதான் என்று நினைத்தே வளர்ந்தவள் நான். அன்றைக்கு 2.45-க்கு 'டிங்' என்றதும் பதறி எடுத்தேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் வந்திருந்தது! டொரண்டோவில் அப்போது சாயங்காலம் ஐந்தேகால். நான் பாய் விற்கிறவள். மகள் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் கேட்டிருந்த அந்த ஊர் வாடிக்கையாளர் அக்காவுக்கு, படுக்கப் போகும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு பேமென்ட் லிங்க் அனுப்பியிருந்தேன். வேலை முடிந்து வீடு திரும்பும் ரயிலில் அதைத் தட்டிப் பணம் கட்டிவிட்டார். எவ்வளவு நேரம் ஆனது என்று மறுநாள் கேட்டேன். "ஒரு ஸ்டேஷன்" என்றார்.

ஒரே ஒரு ஸ்டேஷன்! இதற்கு முன்னால் நான் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உள்ளூரில் கவலை இல்லை. க்யூஆர் அட்டையை நீட்டினால் போதும். வெளிநாட்டு ஆர்டர் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். வங்கிக் கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு, கிளை முகவரி என்று ஒரு பாரா எழுதி அனுப்புவேன். அங்கே அவர்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். நடுவில் இன்னொரு வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் இங்கே வந்து சேரும் தொகை எனக்கும் புரியாது, அனுப்பியவருக்கும் புரியாது. அப்புறம் வேறொரு சேவைக்கு மாறினேன். பெயர் வேண்டாம், இப்போது அதை நான் பயன்படுத்துவதில்லை. பணம் கட்டுகிறவரும் அதில் கணக்குத் தொடங்கியாக வேண்டும். பாரிஸில் எழுபது தாண்டிய ஒரு அம்மா பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, எண், குறியீடு என்று நான்கு தடவை முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "பாய் அழகுதான், ஆனால் எனக்கு இது முடியாது" என்று எழுதிவிட்டார். ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டு, "ரிஜிஸ்டர்ல பேர் எழுதி, ரகசிய வார்த்தை ஒன்று வைத்தால்தான் புடவை காட்டுவோம்" என்று யாராவது சொன்னால் நாம் உள்ளே போவோமா? இணையத்தில் மட்டும் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டோமோ!

இதில் ஊரறிந்த கதை ஒன்று உண்டு. இணைய வடிவமைப்பைப் பற்றி எழுதும் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் சொன்னது. பெரிய விற்பனைத் தளம் ஒன்று, பெயரை அவரும் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் 'பதிவு செய்க' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று மாற்றினார்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்று பக்கத்திலேயே ஒரு வரியும் போட்டார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் வருஷத்தில் கூடுதலாக வந்த விற்பனை 30 கோடி டாலர். நம்முடையது பாய் வியாபாரம்தான், ஆனாலும் படித்த அன்று பாரிஸ் அம்மா ஞாபகம் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

இப்போது நான் அனுப்பும் லிங்கைத் திறந்தால் ஒரே பக்கம். மேலே என் கடைப் பெயர், தொகை. கீழே மின்னஞ்சல், அட்டை எண், காலாவதித் தேதி, அட்டைக்குப் பின்னால் இருக்கும் மூன்று எண். அவ்வளவுதான்! அட்டை எண் என் கண்ணில்கூடப் படாது. நான்கு இலக்கங்கள் தவிர மற்றதெல்லாம் எனக்கு மறைவுதான். அவர்கள் தங்கள் ஊர்ப் பணத்தில் கட்ட, எனக்கு ரூபாயாக வங்கியில் விழுகிறது.

கணக்குத் தொல்லை மொத்தமாக ஒழிந்துவிடவில்லை, அது என் தலைக்கு மாறியது. மாற வேண்டியதுதானே? விற்பவள் நான். பான் அட்டை, வங்கிக் கணக்கு, 500 ரூபாய் கட்டி எடுத்த ஐஇசி என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண் எல்லாம் லிங்க் தரும் நிறுவனத்திடம் ஒரே தடவை கொடுத்து முடித்தேன். பணம் எதற்காக வருகிறது என்று சொல்ல பர்ப்பஸ் கோடு ஒன்று உண்டு. சரக்கு அனுப்பும் முன்பே வாங்கும் முன்பணத்துக்கு பி0103. இதை மனப்பாடம் பண்ணியதில் எனக்கு ஒரு கர்வம். எல்லை தாண்டிப் பணம் வாங்கித்தரும் நிறுவனங்களை நேரடி மேற்பார்வைக்குக் கொண்டுவந்து ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31-இல் சுற்றறிக்கை போட்டது. அதில் ஒரு பொருளுக்கு உச்சவரம்பு 25 லட்சம் என்று வைத்தது. அந்த விலைக்கு ஒரு பாய் விற்கும் நாள் வரட்டும், அப்போது வருத்தப்பட்டுக்கொள்கிறேன்.

கட்டணம் கிள்ளத்தான் செய்கிறது. எனக்கு வெளிநாட்டு அட்டைக்கு 3 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பன்னிரண்டாயிரத்தில் 424 ரூபாய் 80 காசு போனது. போகட்டும்! ஓடிப்போன வாடிக்கையாளரால் வந்த நஷ்டத்தோடு பார்த்தால் இது காப்பிச் செலவு.

ஒரு பயம் மட்டும் இருந்தது. நம் ஊரில் இணையத்தில் அட்டை தேய்த்தால் 2009-இலிருந்து இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம், பெரும்பாலும் ஓடிபி வரும். வெளிநாட்டு அட்டைகள் பலவற்றில் அது வருவதே இல்லை. திருட்டு அட்டையாக இருந்துவிட்டால் உரிமையாளர் புகார் கொடுத்ததும் பணம் நம்மிடமிருந்து திரும்பப் போய்விடும், சார்ஜ்பேக் என்பார்கள். அதனால் தபால் ரசீது, டிராக்கிங் எண், பாய் சுருட்டிக் கட்டும்போது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை.

பாய் நெய்து தரும் லாத்தாவிடம் போய் டொரண்டோ கதையைச் சொன்னேன். தாமிரபரணியில் ஊறவைத்துக் காயப்போட்ட கோரையை ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஏம்மா, ஒரு கணக்கும் தொடங்காமலா அவ்வளவு துட்டு போட்டாவ?"

"ஆமா லாத்தா."

"நம்மள நம்பியா?"

"நம்மள நம்பித்தான்."

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். "அப்பம் பேரைச் சரியா எழுதிக் குடு. மாப்ள பேருல ஒத்தெழுத்து தப்பாப் போச்சுன்னா நெய்ததை முழுக்கப் பிரிக்கணும்."

பெயரை அந்த அக்காவிடம் மறுபடியும் கேட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார். 'ல'வா 'ள'வா என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை வீட்டில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

போன வாரம் பாரிஸ் அம்மாவுக்கு நானாகவே எழுதினேன், இப்போது கணக்கெல்லாம் வேண்டாம் என்று. இரண்டு பாய் கேட்டிருக்கிறார்.